வெளியே போகும் தண்ணீர்



சென்னைக்காரர் யாரை நிறுத்திக் கேட்டாலும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளின் பெயரைத் தடையில்லாமல் சொல்வார். மழைக்காலம் வந்துவிட்டால் எந்த ஏரியில் எத்தனை அடி என்று நாளிதழில் தினமும் போடுகிறார்கள். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று இன்னும் நான்கு பெயர்கள் இருக்கின்றன. இவை எதற்குப் பேர்போன இடங்கள் என்று கேட்டால், ஒன்று குப்பைமேட்டுக்கு, ஒன்று பேருந்து நிலையத்துக்கு என்றுதான் பதில் வரும். இந்த நான்கு இடங்களிலும் இருப்பவை நகரத்தின் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள். ஏரியிலிருந்து வந்த தண்ணீரில் நாம் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவி, கழிப்பறையில் ஊற்றி முடித்தபின் அது போய்ச்சேர வேண்டிய இடங்கள். வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பிப் போகிறது என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்த 80 விழுக்காட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

உள்ளே வரும் தண்ணீருக்கு அரசாங்கங்கள் எப்படியாவது பணம் புரட்டிவிடுகின்றன. வெளியே போகும் தண்ணீருக்குச் செலவழிக்கும்போதுதான் கை இழுத்துக்கொள்கிறது. இந்த ஒருபக்கச் செலவு, கடைசியில் உள்ளே வரும் தண்ணீரையும் கெடுத்துவிடுகிறது. நான் சொல்லப்போவதெல்லாம் இதை ஒட்டியதுதான்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததில்லை. 1872-ல் சென்னைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரைத் தாமரைப்பாக்கத்தில் திருப்பி, சோழவரம் வழியாகச் செங்குன்றத்தில் சேர்த்து, அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம்வரை கொண்டுவந்தார்கள். திட்டம் வகுத்தவர் ஃப்ரேசர் என்ற பொறியாளர். கழிவுநீருக்குத் திட்டம் இல்லாமலா இருந்தது? இருந்தது. 1860-களிலேயே கேப்டன் டுல்லோக் சென்னையின் வடிகாலுக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் லண்டனில் இருந்துகொண்டே சென்னையின் வடிகாலுக்காக வாதாடினார். பணத்தை யார் தருவது என்ற வாக்குவாதத்தில் ஆண்டுகள் ஓடின. நிலத்தடிச் சாக்கடைப் பணி சிறிய அளவில் தொடங்கியதே 1890 வாக்கில்தான். குழாய்த் தண்ணீர் வந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து! அதுவரை வீடுகளுக்குள் போன தண்ணீரெல்லாம் தெருவிலும் கால்வாயிலும் கூவம் ஆற்றிலும்தான் விழுந்தது. தண்ணீர் கூடக் கூட நாற்றமும் நோயும் கூடின.

பிறகு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. டபிள்யூ. மேட்லி என்ற மாநகராட்சிப் பொறியாளர் வந்தார். தியாகராய நகரில் மேட்லி சாலை என்று சொல்கிறோமே, அது அவர் பெயர்தான். 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் திறக்கப்பட்டது. கழிவுநீருக்கும் 1910 வாக்கில் முழுநகரத்துக்கான திட்டம் போட்டார்கள். 50 ஆண்டு முன்னே பார்த்துப் போட்ட திட்டம் அது. 1961-ல் சென்னையின் மக்கள்தொகை 6.6 லட்சம் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். 1961-ல் கணக்கெடுத்தபோது நகரத்தில் 17 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். நகர எல்லை இடையில் விரிந்தது உண்மைதான். ஆனால் குழாய்க்கு எல்லைக்கோடு தெரியாது. 6.6 லட்சம் பேருக்காகப் போட்ட குழாய்களில்தான் பல பகுதிகளின் கழிவுநீர் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துத் திட்டக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். 50 ஆண்டை யோசித்தார்களே, அதற்கு அவர்களை வணங்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் எதை யோசித்தார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தப் பழைய குழாய்கள் பூமிக்கு அடியில் என்ன செய்கின்றன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

வடசென்னையிலோ புரசைவாக்கத்திலோ ஒரு குறுகிய தெருவுக்கு விடிகாலையில் போய்ப் பாருங்கள். வீட்டு வாசலில் மெட்ரோ வாட்டர் லைனோடு இணைத்த அடிபம்பு இருக்கும். அம்மா ஒருவர் பம்பை அடிக்க ஆரம்பிப்பார். முதலில் காற்று வரும். அப்புறம் கலங்கலாகத் தண்ணீர் வரும். அதைக் குடத்தில் பிடிக்கமாட்டார். அப்படியே தரையில் விட்டுவிடுவார். கையில் ஏந்தி மோந்து பார்ப்பார். வாடை போன பிறகுதான் குடத்தை வைப்பார். “லைன்ல கலந்துடுச்சு” என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்வார். அந்தத் தெருவில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் பேச்சு இது.

என்ன கலந்தது, எப்படிக் கலந்தது? குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே தெருவில், சில இடங்களில் கைக்கெட்டும் தூரத்தில், பக்கம் பக்கமாகப் போகின்றன. இரண்டும் பழசு. இரண்டிலும் இணைப்புகள் தளர்ந்திருக்கின்றன. குடிநீர்க் குழாயில் 24 மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நின்றால், ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியே கசியுமே தவிர எதுவும் உள்ளே புகாது. நம் ஊரில் காலையில் சில மணி நேரம் விட்டு, மூடிவிடுகிறோம். மூடியதும் குழாய் காலியாகிறது. காலியான குழாய் உறிஞ்சும். சுற்றியுள்ள மண்ணில் எது ஊறியிருக்கிறதோ அதை உள்ளே இழுக்கும். கழிவுநீர்க் குழாய் கசிந்து மண் ஊறியிருந்தால் அதுதான் உள்ளே போகும். லைனிலேயே மோட்டார் வைத்து இழுக்கும் வீடுகள் தெருவில் நாலு இருந்தால் இந்த உறிஞ்சல் இன்னும் பலமாகும். ஏரியிலிருந்து புறப்பட்ட தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் போட்டு, சோதித்து, கோடிக்கணக்கில் செலவழித்து அனுப்புகிறோம். கடைசி 10 அடியில் அத்தனையும் வீணாகிறது.

இதை மாற்ற முடியாது என்று சொல்பவர்களுக்குக் கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னைக் காட்டுவேன். போரில் சிதைந்து கிடந்த ஊர். 1993-ல் அங்கே குழாயில் விட்ட தண்ணீரில் 72 விழுக்காடு கசிவிலும் திருட்டிலும் போய்க்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 10 மணி நேரம்தான் தண்ணீர். எக் சோன் சான் என்பவர் அந்த ஆண்டு குடிநீர் ஆணையத்தின் பொறுப்பை ஏற்றார். குழாய்களை மாற்றினார், வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தார், கட்டணம் கட்டாத பெரிய மனிதர்களின் இணைப்பைத் துண்டித்தார், ஏழை வீடுகளுக்குச் சலுகையில் இணைப்புக் கொடுத்தார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இழப்பு 6 விழுக்காட்டுக்கு வந்தது. 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. 2006-ல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். அந்தக் குடிநீர் ஆணையம் ஓர் அரசு நிறுவனம். முதலீடு, வெளிநாடுகளும் உலக வங்கி போன்ற அமைப்புகளும் தந்த பொதுப்பணம். ஆனால் அந்த நகரமும் வெளியே போகும் தண்ணீரைக் கைவிட்டுவிட்டது. பல பத்தாண்டுகள் நகரத்துச் சாக்கடையைத் தெற்கே இருந்த ஏரிகளும் சதுப்பு நிலங்களுமே வாங்கிக்கொண்டன. பிறகு அந்த ஏரிகளையும் மண்கொட்டி மூடி மனை போட்டார்கள்.

நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. திருப்பூர்.

பனியன் தொழில் வளர வளரத் திருப்பூரின் சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் போதவில்லை. பட்டறைக்காரர்கள் லாரிகளில் விலைக்கு வாங்கினார்கள். அரசும் தொழில்துறையினரும் நிதி நிறுவனமும் சேர்ந்து ஒரு தனி நிறுவனம் தொடங்கி, பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டத்தை உருவாக்கினார்கள். செலவு 1,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்தியாவில் தனியார் பங்கேற்போடு வந்த முதல் பெரிய குடிநீர்த் திட்டங்களில் அது ஒன்று. 2000-களின் நடுவில் தண்ணீர் வந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

அந்தத் தண்ணீர் சாயத்தொட்டியில் இறங்கி வெளியேறிய பிறகு எங்கே போனது? நொய்யல் ஆற்றுக்குப் போனது. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் கட்டி முடித்திருந்தார்கள், பாசனத்துக்காக. அந்த அணையில் சாயக்கழிவு தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள், அந்தத் தண்ணீரைத் தயவுசெய்து எங்கள் வயலுக்குத் திறந்துவிடாதீர்கள் என்று வழக்குப் போட்டார்கள். ஓர் அணையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய துயரம் எதுவும் எனக்குத் தெரியாது. கிணறுகள் உப்பாயின. தென்னை காய்ந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை அறவே வெளியேற்றாத நிலைக்கு வராத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. பட்டறைகள் மூடின. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். பவானியிலிருந்து வந்த தண்ணீருக்கு வாங்குவோர் குறைந்து, அந்தக் குடிநீர் நிறுவனமே கடனில் தத்தளித்தது. பிறகு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்யவும், பட்டறைகள் மெல்ல மெல்லத் திறந்தன. இன்று அதே ஊரில் சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். தண்ணீரைக் கொண்டுவரும் குழாயைப் போட்ட அன்றைக்கே கழிவுக்கான பணத்தையும் சேர்த்து ஒதுக்கியிருந்தால் நொய்யல் கரை விவசாயிகளின் துயரம் குறைந்திருக்கும்.

சிலர், தனியாரிடம் முழுவதுமாக விட்டுவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். இங்கிலாந்தில் 1989-ல் அப்படித்தான் செய்தார்கள். பழைய கடனையெல்லாம் அரசு தள்ளுபடி செய்து, தண்ணீர் நிறுவனங்களை விற்றது. லண்டனுக்குத் தண்ணீர் தரும் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தின் கடன் 2023-ல் 1,400 கோடி பவுண்டுக்கு மேல். அங்கேயும் ஆறுகளில் சாக்கடை கலக்கிறது என்று மக்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். சாக்கடையில் லாபம் பார்க்க நினைப்பவர் முதலில் குறைப்பது பராமரிப்பைத்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சென்னைக்குத் திரும்புகிறேன். 2019 கோடை உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்தத் திட்டத்துக்கு 65 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வில்லிவாக்கத்துக்கு முதல் ரயில் வந்தபோது வாழை மரம் கட்டி மாலை போட்டு வரவேற்றார்கள். தாகத்தில் இருந்த ஊர், நான் அதைத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் அதே 2019-ல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்தம் செய்து, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் இரண்டு நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றின் கொள்ளளவும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். ஒரு நிலையமே 18 ரயில் நடைக்குச் சமம். இரண்டும் சேர்ந்தால் 36 நடை. ஒரு நாளைக்கு! கோயம்பேட்டுத் தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்பேட்டைகளுக்கும், கொடுங்கையூர்த் தண்ணீர் மணலி ஆலைகளுக்கும் என்று திட்டம். அந்த ஆலைகள் குடிநீரில் கை வைக்காமல் இருந்தால் அவ்வளவும் வீடுகளுக்கு மிச்சம். மணலியில் உர ஆலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1990-களிலேயே சாக்கடைத் தண்ணீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. வழி தெரிந்து 20 ஆண்டுக்கு மேல் ஆன பிறகுதான் நகரம் அதைப் பெரிதாகச் செய்தது. இப்போது பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்கு 4,276 கோடி ரூபாய்த் திட்டம் நடக்கிறது. வேண்டிய திட்டம்தான். அதே அளவு தண்ணீர் வீடுகளிலிருந்து வெளியேறும்போது அதைப் பிடித்துச் சுத்தம் செய்ய எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம் என்று யாராவது கேட்க வேண்டாமா?

இனி நான் சொல்லப்போவது மனதுக்குக் கனமான விஷயம்.

சென்னை தட்டையான ஊர். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும். தண்ணீர் ஒரு வேகத்தில் ஓடினால்தான் மண்ணும் கசடும் படியாமல் அடித்துக்கொண்டு போகும். தட்டையான ஊரில் சரிவு கொடுக்க ஆழமாகத் தோண்டிக்கொண்டே போக வேண்டும். ஓர் அளவுக்கு மேல் முடியாது, அங்கே பம்பிங் ஸ்டேஷன் வைத்து மேலே ஏற்ற வேண்டும். அப்படி நகரத்தில் 200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. ஒரு மோட்டார் நின்றால் மேல்தெருவில் மேன்ஹோல் பொங்கும். குழாய் சிறிதாக இருந்தாலோ, சரிவு தப்பியிருந்தாலோ, வேகம் குறையும், கசடு படியும், அடைத்துக்கொள்ளும். அடைத்தால் யாரோ ஒருவரைக் கூப்பிடுகிறார்கள்.

தேங்கிய சாக்கடையில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகிறது. காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. உள்ளே இறங்கியவர் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கும் அந்த நொடியில்தான் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார், அவரும் விழுவார். “விஷவாயு தாக்கி இருவர் பலி” என்று மறுநாள் நாளிதழில் ஒரு மூலையில் வரும். ஏன் பெரும்பாலும் இருவர், மூவர் என்று இப்போது உங்களுக்குப் புரியும். இறங்குகிறவர்கள் எந்தச் சாதியைச் சேர்ந்தவர்கள் என்பதை நான் இந்த அவையில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதைத் தடுக்க 2013-ல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தகைய மரணங்கள் அதிகம் பதிவான மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. ஒப்பந்ததாரரைக் கைது செய்வதோடு வழக்கு முடிகிறது. குழாயை ஏன் மாற்றவில்லை, அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் இயந்திரம் அந்தச் சந்துக்குள் நுழையாது என்று தெரிந்தும் சிறிய இயந்திரம் ஏன் வாங்கவில்லை என்று எந்த முதல் தகவல் அறிக்கையிலும் எழுதுவதில்லை. ஒதுக்காமல் விட்ட பணத்துக்கும் அந்த மரணத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

பணம் எங்கிருந்து வரும்? புதிதாகக் கட்டுவதற்கு டெல்லியிலிருந்து வருகிறது, உலக வங்கி தருகிறது, ஜப்பான் கடன் தருகிறது. அடிக்கல் நாட்டலாம், கல்வெட்டில் பெயர் போடலாம். கட்டியதை ஓட்டுவதற்கு, மோட்டாருக்கு மின்கட்டணம், ஊழியர் சம்பளம், ஐந்து ஆண்டுக்கொரு முறை தூர்வாருதல் ஆகியவற்றுக்கு அவர்கள் யாரும் தருவதில்லை. அது உள்ளூர் வருவாயிலிருந்து வர வேண்டும். சென்னையில் குடிநீர், கழிவுநீர் வரி சொத்தின் ஆண்டு மதிப்பை வைத்துத்தான் போடப்படுகிறது. அந்தச் சொத்துவரியை 1998-க்குப் பிறகு 2022-ல்தான் உயர்த்தினார்கள். 24 ஆண்டு! இடையில் விலைவாசி எங்கே போனது, மின்கட்டணம் எங்கே போனது? ஆட்சிக்கு வந்த எல்லாக் கட்சிகளும் பயந்தன. வரி ஏறவில்லை என்று நாமும் நிம்மதியாக இருந்தோம். அந்த நிம்மதிக்கு நாம் கொடுத்த விலை ஆழ்துளைக் கிணறு, சம்ப், மோட்டார், ஆர்.ஓ. இயந்திரம், கேன் தண்ணீர், தண்ணீர் லாரி, செப்டிக் டேங்க் லாரி. இதையெல்லாம் வாங்க முடியாதவர் குடத்தோடு வரிசையில் நின்றார்.

மக்கள் பணம் தரமாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். ஆலந்தூரைப் பாருங்கள். 1990-களின் இறுதியில் அது தனி நகராட்சி. நகர்மன்றத் தலைவராக இருந்தவர் ஆர்.எஸ். பாரதி. பாதாளச் சாக்கடை போட முடிவு செய்து, வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். தெருத்தெருவாகக் குடியிருப்போர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். வந்த பணத்தைத் தனிக்கணக்கில் போட்டார்கள். மக்கள் கட்டினார்கள்! மீதியைக் கடனாகவும் மானியமாகவும் திரட்டி, 2000-களின் முதல் பாதியிலேயே வேலையை முடித்தார்கள். சென்னையோடு 2011-ல் இணைந்த 42 உள்ளாட்சிகளில் பல இடங்களில் இன்னும் சாக்கடைக்குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆலந்தூர் அதை எப்போதோ முடித்துவிட்டது.

எல்லா ஊருக்கும் பாதாளச் சாக்கடை வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சிறிய பேரூராட்சிக்கு அது தாங்காது. கருங்குழி என்ற பேரூராட்சியில் 2017-ல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை அமைத்தார்கள். செப்டிக் டேங்க் லாரி இரவில் ஏரிக்கரையில் திறந்துவிட்டுப் போவதற்குப் பதிலாக அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது. குறைந்த செலவில் ஓர் ஊரின் ஏரி பிழைக்கிறது. ஊருக்குத் தகுந்த வழி எது என்பதைப் பொறியாளர்கள் சொல்வார்கள். அந்த வழிக்கு ஆண்டுதோறும் பணம் போகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் நாம்.

மாநகராட்சி, நகராட்சி வார்டுகளில் இப்போது பகுதி சபைக் கூட்டம் நடத்த விதி வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். தெருவிளக்கைப் பற்றிக் கேளுங்கள், சாலையைப் பற்றிக் கேளுங்கள். அதோடு இதையும் கேளுங்கள்: எங்கள் தெருவின் கழிவுநீர்க் குழாய் எந்த ஆண்டு போட்டது? அது போய்ச் சேரும் சுத்திகரிப்பு நிலையம் எது? அதைப் பராமரிக்க இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள்? அடைப்பு எடுக்க இயந்திரம் வருமா, ஆள் வருவாரா? வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.